டெல்டா வெயிலுக்கும் ஆடிக்காற்றுக்கும் ஏற்ற பட்டர் எது?

டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசிக் கூடையில் போடும் ஆட்டம்) ஆட பட்டர் தட்டு வாங்க இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் பின்லாந்திலும் சுவீடனிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் ஆடுகிறவர்கள் எழுதியது. "மெத்தென்ற பிளாஸ்டிக் வாங்கு, கையில் நன்றாக ஒட்டும், சங்கிலியில் பட்டதும் தங்கும்" என்பார்கள். ஐந்து டிகிரிக் குளிரில் ஆடுகிறவருக்கு அது சரிதான். மே மாதம் தஞ்சாவூரில் மாலை நாலு மணிக்குக் கூடை முன்னால் நிற்பவருக்கு அது சரிவராது. வெயிலில் அந்தத் தட்டு ஆறிப்போன அப்பளம் போலத் துவண்டுவிடும். பட்டர் வாங்கும் முடிவில் கையும் வெயிலும் காற்றும்தான் முதலில் வரவேண்டும். தட்டில் அச்சடித்த எண்களும் வீரர்களின் பெயர்களும் அதற்குப் பிறகுதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடையில் போடுகிறவர் வெற்றி பெறுவார். தூரம் போவதற்கு டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கடைசியில் கூடைக்குள் போடுவதற்கு பட்டர். ஒரு சுற்றில் அதிகம் கையில் ஏறி இறங்குவது பட்டர்தான்.

திருச்சியிலோ கும்பகோணத்திலோ விளையாட்டுச் சாமான் கடையில் "டிஸ்க்" என்று மட்டும் கேட்டால் ஒன்று வட்டெறியும் தட்டை எடுத்து வைப்பார்கள், இல்லையென்றால் 27 செ.மீ. விட்டமுள்ள பிரிஸ்பீயை. இரண்டும் இதற்கு ஆகாது. அல்டிமேட் ஆடும் பிரிஸ்பீயும் 175 கிராம்தான். ஆனால் விட்டம் பெரிது, விளிம்பு வேறு, கூடைச் சங்கிலிக்கு அது பொருந்தாது. டிஸ்க் கோல்ஃப் பட்டரின் விட்டம் சுமார் 21 செ.மீ. சர்வதேச விதிகளை வகுக்கும் பி.டி.ஜி.ஏ. என்னும் அமைப்பு (1976-ல் தொடங்கியது) விட்டம் 21 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்றும், ஒவ்வொரு சென்டிமீட்டர் விட்டத்துக்கும் 8.3 கிராமுக்கு மேல் எடை கூடாது என்றும் வைத்திருக்கிறது. 21.2 செ.மீ. தட்டுக்கு இதன்படி 175.9 கிராம் வரும். பட்டர் தட்டுகள் 175 கிராமில் வந்து நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

தட்டில் அச்சடித்த நான்கு எண்கள் வேகம், மிதப்பு, திரும்பல் (வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்புவது), இறுதிச் சாய்வு (வேகம் குறைந்ததும் இடப்பக்கம் இறங்குவது) ஆகியவற்றை இதே வரிசையில் குறிக்கும். இன்னோவா நிறுவனத்தின் அவியார் 2, 3, 0, 1. டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ் 2, 4, 0, 1. டிஸ்கிராஃப்டின் லூனா 3, 3, 0, 3. காஸ்டாபிளாஸ்டின் பெர்க் 1, 1, 0, 2. இருபது மீட்டருக்கு மேல் வீசும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆறு மீட்டரில் நின்று கூடையில் போடும்போது கடைசி இரண்டு எண்களில் 0, 1-க்கும் 0, 2-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் அரிது. அந்தத் தூரத்தில் தட்டு கையை விட்டு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கிளம்புகிறதா என்பதே கேள்வி. அதை முடிவு செய்வது விளிம்பு.

விளிம்பில்தான் விஷயம் இருக்கிறது

பட்டரைக் கவிழ்த்து அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிலவற்றில் வயல் வரப்பு போலச் சின்னதாக ஒரு மேடு சுற்றிலும் ஓடும். அதைத்தான் பீட் என்கிறார்கள். பீட் உள்ள தட்டில் விரல் எங்கே நிற்க வேண்டும் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். அதே அச்சில் பீட் இல்லாமல் வார்த்த தட்டைவிடப் பொதுவாக இது சற்று நேராகவும் நிலையாகவும் போகும், எதிர்காற்றில் அவ்வளவு எளிதில் புரளாது. பீட் இல்லாத தட்டில் விரல் வழுக்கிக்கொண்டு சுத்தமாக வெளியேறும்; மேடு விரலில் தட்டி வீச்சு கோணலாகும் என்று புகார் சொல்பவர்களுக்கு இதுதான் மருந்து. ஜட்ஜ் பீட் உள்ளது. அதே நிறுவனத்தின் வார்டன் கிட்டத்தட்ட அதன் பீட் இல்லாத உடன்பிறப்பு. இன்னோவாவிலும் இப்படி இரட்டை உண்டு: சாதாரண அவியார் பீட் இல்லாதது, கே.சி. புரோ அவியார் பெரிய பீட் உள்ளது. கே.சி. என்பது பன்னிரண்டு முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோவின் பெயர்.

வியர்க்கும் கைக்கு எது என்று கேட்டால் எங்கள் பதில் பீட் உள்ளது. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் விரல் நுனி எந்நேரமும் பிசுபிசுக்கும். அப்போது வழவழப்பான விளிம்பு எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது. பீட் இருந்தால் விரலுக்கு ஒரு பிடிமானம். ஆனால் விரல் குட்டையானவர்கள் ஆழமான விளிம்புள்ள தட்டையும் பெரிய பீட்டையும் சேர்த்து வாங்கினால் தட்டை இறுக்கிப் பிடிக்க நேரும். இறுக்கிப் பிடித்த பட்டர் வலப்பக்கம் இழுக்கும் (வலது கை, பின்கை வீச்சு என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம்). அவர்கள் விளிம்பு ஆழம் குறைந்ததாகப் பார்த்து எடுக்கலாம். விளிம்பின் ஆழம் விட்டத்தில் 5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி, 21.2 செ.மீ. தட்டுக்கு அது சுமார் 1.06 செ.மீ. விற்கும் இடத்தில் இந்த அளவைக் கேட்டு வாங்குங்கள், பலர் கேட்பதே இல்லை.

எம்.வி.பி., ஆக்ஸியம் நிறுவனங்களின் தட்டுகள் இரண்டு பிளாஸ்டிக்கால் ஆனவை. நடுவில் ஒன்று, விளிம்பில் கனமான வளையம் ஒன்று. எடை விளிம்புக்கு நகர்வதால் சுழற்சி நீடிக்கிறது என்பது அவர்கள் வாதம். ஆக்ஸியம் என்வி (3, 3, 0, 2) நல்ல பட்டர்தான். இரண்டு பிளாஸ்டிக்கும் சேரும் தையல் உங்கள் விரல் படும் இடத்தில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். சிலருக்கு அது உறுத்தும், சிலருக்குத் தெரியவே தெரியாது.

வெயிலும் பிளாஸ்டிக்கும்

பட்டர் பிளாஸ்டிக்கில் இரண்டு குலம். ஒன்று மலிவான அடிப்படை பிளாஸ்டிக்: இன்னோவாவில் டி.எக்ஸ்., கே.சி. புரோ, டைனமிக்கில் கிளாசிக், லாட்டிட்யூட் 64-ல் ஜீரோ, காஸ்டாபிளாஸ்டில் கே3, ஆக்ஸியத்தில் எலக்ட்ரான். இன்னொன்று பாலியூரித்தேன் கலந்த விலை கூடிய பிளாஸ்டிக்: சாம்பியன், ஸ்டார் போன்றவை. அடிப்படை பிளாஸ்டிக் சொரசொரப்பாகக் கையில் ஒட்டும், சீக்கிரம் தேயும். விலை கூடியது வழுக்கும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கூடையில் போடுவதற்கு அடிப்படை பிளாஸ்டிக்தான் வேண்டும். 10 மீட்டருக்குள் தட்டு பெரிதாக அடிபடுவதில்லை, தேய்மானத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒட்டுதல் மட்டுமே கணக்கு. தூரத்திலிருந்து கூடைப் பக்கம் போட்டு நிறுத்தும் வீச்சுக்குத் தனியாக ஒரு விலை கூடிய பட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தட்டால் இரண்டு வேலையும் பார்த்தால் தென்னை மரத்திலும் பனை மரத்திலும் பட்டுப்பட்டு விளிம்பு மொக்கையாகி, கிட்ட வீசும்போது அது போகும் பாதையே மாறிவிடும்.

அடிப்படை பிளாஸ்டிக்கிலேயே கெட்டி, நடுத்தரம், மிருது என்று படிகள் உண்டு. எலக்ட்ரானில் பர்ம், மீடியம், சாஃப்ட். ஜீரோவில் ஹார்ட், மீடியம், சாஃப்ட். கிளாசிக்கில் கெட்டி, பிளெண்ட், சாஃப்ட். குளிர் நாட்டார் எதைச் சொல்கிறார்களோ அதைவிட ஒரு படி கெட்டியானதை எடுங்கள் என்பது டெல்டாவுக்கான எங்கள் உறுதியான பரிந்துரை. அவர்கள் சாஃப்ட் என்றால் நீங்கள் மீடியம், அவர்கள் மீடியம் என்றால் நீங்கள் பர்ம். பிளாஸ்டிக் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். இங்கே சித்திரை, வைகாசியில் மைதானத்தில் கிடக்கும் தட்டின் சூடு காற்றின் சூட்டைவிட இன்னும் அதிகம். மிருதுவான தட்டை நாலு விரலால் பிடித்ததும் விளிம்பு வளைந்து கொடுக்கும். விடும் நொடியில் அது நிமிர்ந்து எழுவதால் தட்டு நடுங்கிக்கொண்டே போகும். ஆறு மீட்டரில் அது கூடைக்குள் போய்விடலாம், ஒன்பது மீட்டரில் கூடையின் விளிம்பில் மோதும்.

மிருது பிளாஸ்டிக்குக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நடுக்கம்பத்தில் மோதும்போது அது நசுங்கித் தன் வேகத்தை இழக்கும், எகிறி வெளியே விழாது. கெட்டித் தட்டு சில நேரம் கம்பத்தில் "டங்" என்று அடித்துத் திரும்பி வரும். வீட்டு வாசலில் நாய்ச் சங்கிலியும் ஜி.ஐ. பைப்பும் வைத்துச் செய்த கூடை என்றால் இது இன்னும் கூடும், சங்கிலி எண்ணிக்கை குறைவு, கனமும் குறைவு. அப்படிப்பட்ட கூடையில் சங்கிலியை இரண்டு வரிசையாக, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று கட்டுவதுதான் சரியான வழி. கூடைத் தொட்டியின் மேல்விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், 6 செ.மீ. கூடக் குறைய இருக்கலாம். ஒற்றை வரிசைக் கூடையில் பழகிவிட்டு, தட்டு தங்கவில்லை என்று மிருதுவுக்கு மாறுபவர்கள் தப்பான இடத்தில் மருந்து தேடுகிறார்கள்.

வண்டி டிக்கியில் பட்டரை வைத்துவிட்டு மதியம் சந்தைக்குப் போகாதீர்கள். அடிப்படை பிளாஸ்டிக் கோணிப்போகும். கோணியதைச் சரிசெய்ய, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, மட்டமான கல் தரையில் கவிழ்த்து, மேலே பாரம் வைத்து, அப்படியே பச்சைத்தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள். கொதிக்கும் நீர் கூடாது. அதிகம் கோணியதற்கு இதுவும் முழுப் பலன் தராது.

எடை: பழக்கமில்லாத கைக்கு 165-170 கிராம் போதும் என்பது பொதுவான பேச்சு. திருச்சிப் பக்கம் ஆடுகிறவர்களுக்கு நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அங்கே மண்ணை வாரி இறைக்கும். இலேசான தட்டு அதில் நிலைக்காது. 173 முதல் 175 கிராம் எடுங்கள். தட்டின் அடியில் பேனாவால் எழுதிய எடையை அப்படியே நம்பாமல் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள்; ஒன்றிரண்டு கிராம் மாறலாம்.

காற்றை எப்படிக் கையாள்வது என்பதும் வாங்கும் முடிவோடு சேர்ந்ததுதான். எதிர்காற்றில் தட்டின் மேல் ஓடும் காற்றின் வேகம் கூடுவதால் மிதப்பு கூடி அது மேலெழும். கூடைக்கு மேலே பறந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி விழும். குறி சங்கிலியின் கீழ்ப்பாதியில் இருக்கட்டும், தட்டின் மூக்கு (முன்விளிம்பு) நிமிரவே கூடாது. பின்காற்றில் இதற்கு நேர்மாறு: தூக்கும் விசை குறைந்து பொத்தென்று விழும், குறியைச் சங்கிலிக்கு மேலே இருக்கும் பட்டைக்கு ஏற்றுங்கள். பக்கக் காற்று இன்னும் சூட்சுமம். வலது கையால் பின்கை வீச்சாக, இடவிளிம்பு தாழ்ந்தபடி வீசினால் தட்டின் அடிப்பக்கம் வலப்புறம் பார்த்திருக்கும். வலமிருந்து வரும் காற்று அந்த அடியில் பட்டுத் தூக்கி இடப்பக்கம் கொண்டு போகும்; இடமிருந்து வருவது மேல்பக்கத்தில் பட்டு அமுக்கும். ஆகவே மிதப்பு எண் பெரிதான ஜட்ஜ் அமைதியான தென்னந்தோப்பில் அழகாகப் போகும், திறந்த களத்தில் ஆடிக்காற்றில் கொஞ்சம் சோதிக்கும். மிதப்பு 1 மட்டுமே உள்ள பெர்க் அதற்கு எதிர்த் துருவம்: காற்று எதுவும் அதைத் தூக்காது. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் கூடுதல் தெம்பு வேண்டும், எட்டு மீட்டருக்கு மேல் புதியவர்களுக்குக் கூடைக்கு முன்னாலேயே விழும்.

வீசும் முறையும் பிளாஸ்டிக்கைத் தீர்மானிக்கிறது. சுழற்சி அதிகம் கொடுத்து நேர்க்கோட்டில் வீசுகிறவர்களுக்குக் கெட்டித் தட்டு. சுழற்சி குறைத்து, கையை நீட்டி வளைவாகத் தூக்கிப் போடுகிறவர்கள் நடுத்தரம் எடுக்கலாம். அவர்கள் தட்டு மெதுவாக இறங்குவதால் தவறினாலும் கூடைக்கு அருகிலேயே கிடக்கும். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வீசிய பிறகு உடல் நிலைகொண்டதைக் காட்டாமல் முன்னால் அடி வைக்கக் கூடாது என்பது விதி. ஓடி வந்து வீசும் வசதி அந்த வட்டத்துக்குள் இல்லை, மணிக்கட்டும் கால் தெம்பும் மட்டுமே துணை. அதனால்தான் தட்டின் பிடிமானத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நிறம் பலரும் அழகுக்குப் பார்ப்பது; டெல்டாவில் அது பணத்தைக் காப்பாற்றும் விஷயம். சம்பா பச்சை கட்டி நிற்கும் காலத்தில் பச்சைத் தட்டும் மஞ்சள் தட்டும் வரப்பு ஓரம் விழுந்தால் கண்ணில் படாது. இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் தெரியும். அறுவடைக்குப் பிறகு தாள் நிற்கும் வயலில் மஞ்சள் மறைந்துவிடும், நீலம் பளிச்சென்று தெரியும். கோடையில் வறண்ட ஆற்று மணலில் வெள்ளையைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எந்தக் காலத்துக்கும் ஒரே தட்டு என்றால் இளஞ்சிவப்பு.

வாய்க்கால் ஓரத்தில் கூடை வைத்து ஆடுவதானால் இன்னொரு கணக்கு. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். புது ஆற்றிலும் வெண்ணாற்றிலும் கிளை வாய்க்கால்களிலும் தண்ணீர் ஓடும் காலம் அது. பெரும்பாலான பட்டர்கள் நீரில் மூழ்கிவிடும். கலங்கல் தண்ணீரில் மூழ்கியதைக் காலால் துழாவித்தான் எடுக்க வேண்டும், ஆழமான ஓட்டத்தில் அதற்காக இறங்கக் கூடாது. இன்னோவா ஹைட்ரா மிதக்கும் பட்டர். குளத்தங்கரைக்கு அது பொருத்தம். ஓடும் வாய்க்காலில் மிதப்பதும் ஆபத்துதான், தட்டு அடுத்த மதகு வரைக்கும் போய்விடும். அங்கே கூடையையே கரையிலிருந்து 15 மீட்டர் உள்ளே நகர்த்திவிடுவது நல்லது.

திருவாரூர்ப் பக்கத்துக் களிமண் தட்டின் உள்விளிம்பில் அப்பிக்கொண்டால் சில கிராம் எடை ஏறும், ஒரு பக்கமாக ஏறுவதால் தட்டு தள்ளாடும். காய்ந்த பிறகு சுரண்டாமல் ஈரத்திலேயே கழுவுங்கள். ஈரிழைத் துண்டு ஒன்று தோளில் இருக்கட்டும். கைக்கு ஒரு முனை, தட்டுக்கு ஒரு முனை. முகப் பவுடர் பூசாதீர்கள், வழுக்கலைத்தான் கூட்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் பூசும் மக்னீசியம் கார்பனேட் பொடி உதவும்.

புதுத் தட்டை அப்படியே ஆட எடுக்காதீர்கள். வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு மேலே இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு இளஞ்சூட்டு நீரில் இரண்டு முறை கழுவித் துடையுங்கள். அடிவிளிம்பில் பிசிறு இருந்தால் விரலைக் கிழிக்கும். நைஸ் உப்புத்தாளால் பிசிறை மட்டும் இலேசாகத் தேய்க்கலாம், விதி அதற்கு இடம் தருகிறது. விளிம்பின் வடிவமே மாறும் அளவுக்குத் தேய்த்தால் அந்தத் தட்டு போட்டிக்குச் செல்லாது.

காசு விஷயம். அமெரிக்காவில் அடிப்படை பிளாஸ்டிக் பட்டர் சுமார் 10 டாலர். இங்கே வந்து சேரும்போது தபால் செலவும் சுங்கமும் தட்டின் விலையைத் தாண்டிவிடக்கூடும். ஒன்று ஒன்றாக வரவழைப்பது நட்டம். வீரர்களின் கையெழுத்து அச்சிட்ட தட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அதே அச்சு, அதே பிளாஸ்டிக் கையெழுத்து இல்லாமல் கிடைத்தால் அதுவே போதும். மேலே ஒட்டிய தாள் எத்தனை பளபளப்போ அத்தனை சீக்கிரம் சங்கிலியில் உரிந்துவிடும்.

முதல் முறை நாலைந்து பேர் சேர்ந்து இரண்டே இரண்டு தட்டு வரவழையுங்கள்: பீட் உள்ளதில் ஒன்று, இல்லாததில் ஒன்று. கே.சி. புரோ அவியாரும் சாதாரண டி.எக்ஸ். அவியாரும் நல்ல சோடி. ஜட்ஜும் வார்டனும் இன்னொரு நல்ல சோடி. இரண்டும் 173 கிராமுக்கு மேல் இருக்கட்டும். ஒவ்வொருவரும் 5, 7, 9 மீட்டரில் தலா 20 வீச்சு, இரண்டு தட்டிலும் வீசி நோட்டில் குறியுங்கள். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, ஒரு நாள் மாலை நாலு மணிக்கு. 5 மீட்டர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அங்கே எல்லாத் தட்டும் உள்ளே போகும். மாலை வெயிலில், வியர்த்த கையோடு, 9 மீட்டரில் எது அதிகம் உள்ளே போயிற்று என்று பாருங்கள். இடப்பக்கம் தவறியவை, வலப்பக்கம் தவறியவை என்று தனித்தனியாகக் குறித்தால் இன்னும் நல்லது. ஒரே பக்கமாகத் தவறினால் அது உங்கள் குறியின் கோளாறு, பழகினால் சரியாகும். இரண்டு பக்கமும் சிதறினால் தட்டு கையோடு ஒத்துப்போகவில்லை.

கணக்கில் வென்ற தட்டில் அதே அச்சு, அதே பிளாஸ்டிக், அதே எடையில் ஒரே தடவையாக நான்கு வாங்குங்கள். மூன்று பயிற்சிக்கு, ஒன்று பிரிக்காமல் பீரோவில். எடை ஒரு கிராம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. பிளாஸ்டிக் படி மாறக் கூடாது. ஒரே பெயரில் அடுத்த ஆண்டு வரும் வார்ப்பு இன்னும் கொஞ்சம் கெட்டியாகவோ மேல்பக்கம் சற்று உப்பலாகவோ இருப்பது சகஜம், அதனால்தான் நான்கையும் ஒரே கட்டில் வாங்கச் சொல்கிறோம்.

எங்களைக் கேட்டால் டெல்டாவில் முதல் பட்டராக கே.சி. புரோ அவியார், 175 கிராம், இளஞ்சிவப்பு. பெரிய பீட் பிடிக்காதவர்களுக்கு எலக்ட்ரான் பர்ம் பிளாஸ்டிக்கில் என்வி. தோப்புக்குள் மட்டும் ஆடுகிறவர்களுக்கு ஜட்ஜ், கிளாசிக் பிளெண்ட். பெர்க்கை இரண்டாவது தட்டாக, ஆனி ஆடிக்கென்று வாங்குங்கள். முதல் தட்டாக வேண்டாம். லூனா கையில் பிடிக்க அருமையான தட்டு, இறுதிச் சாய்வு 3 என்பதால் பத்து மீட்டருக்கு வெளியே இடப்பக்கம் இறங்கும் என்பதை மனத்தில் வைத்து வீச வேண்டும்.